இடப்பெயர்ச்சி

யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படித்தவர்களுக்கு 'ஆர்முடுகல்' என்ற சொல் மறந்திருக்காது. தமிழகத்துப் புத்தகங்களில் அது முடுக்கம். இங்கே ஜேர்மனியில் என் மகளின் புத்தகத்தில் 'பெஷ்லொய்னிகுங்'. மூன்றும் ஒன்றுதான்: ஒவ்வொரு செக்கனிலும் வேகம் எவ்வளவு மாறுகிறது என்பது. ஆனாலும் ஆர்முடுகல் என்றால்தான் எனக்கு ஜாம் போத்தல் விளக்கின் மண்ணெண்ணெய் மணமும் சேர்ந்து வருகிறது. மின்சாரம் இல்லாத அந்த ஆண்டுகளில் இயக்கச் சமன்பாடுகளை அந்த வெளிச்சத்தில்தான் பாடமாக்கினோம்.

எங்கள் மாஸ்ரர் அடிக்கடி சொல்வார்: "உடனை சமன்பாட்டைத் தேடாதை. முதல்லை படத்தைக் கீறு. எந்தப் பக்கம் நேர் எண்டு முடிவெடு. தந்ததை எழுது, கேட்டதை எழுது." மகளுக்கும் அதையே சொல்லிக்கொடுக்கிறேன்.

மேலே எறிந்த பந்து உச்சியில் நிற்கும் கணத்தில் வேகம் பூச்சியம். ஆர்முடுகல்? "அதுவும் பூச்சியந்தானே, அப்பா" என்றாள். எல்லோரும் வழுக்கும் இடம் இது. "அப்பிடியெண்டால் பந்து அங்கேயே நிண்டிடுமே, பிள்ளை" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு 9.8 என்று எழுதி, கீழ்நோக்கி அம்புக்குறி போட்டாள்.

இந்த நாட்டில் கார் பழக்குபவர்கள் ஒரு சுருக்குவழி சொல்லித் தருவார்கள். மணிக்கு 50 கிலோமீற்றர் கதியென்றால், பத்தால் வகுத்து மூன்றால் பெருக்கு: 15 மீற்றர். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போகுமுன் கார் ஓடிவிடும் தூரம் அது. பத்தால் வகுத்து வர்க்கித்தால் 25. பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம். கதியை 100 ஆக்கினால் அந்த 25 நூறாகிவிடும், இரு மடங்கல்ல, நாலு மடங்கு. அந்தப் பழைய சமன்பாட்டில் வேகம் வர்க்கமாக இருப்பதன் பொருள் எனக்குக் கார் ஓட்டிய பிறகுதான் உடம்பில் உறைத்தது.

பிறகு தூரமும் இடப்பெயர்ச்சியும் வந்தன. ஒருவன் கிழக்கே 16 கிலோமீற்றர் போய், அதே வழியால் திரும்புகிறான். தூரம் 32, இடப்பெயர்ச்சி பூச்சியம்.

"அப்ப அவன் போகவேயில்லை எண்ட மாதிரியோ, அப்பா?"

யாழ்ப்பாணத்திலிருந்து சாவகச்சேரியும் ஏறத்தாழ அவ்வளவுதான். 1995 ஒக்டோபர் 30 இரவு நாங்கள் ஆறு பேர் புறப்பட்டோம். மழை. நாவற்குழிப் பாலத்தில் அடி எடுத்து வைக்க இடமில்லை. போய்ச் சேர இருபது மணித்தியாலம். சராசரிக் கதி மணிக்கு 0.8 கிலோமீற்றர். 1996 இல் ஊர் திரும்பியபோது ஐந்து பேர். அப்பாச்சியைச் சாவகச்சேரியிலேயே எரித்திருந்தோம்.

"இடப்பெயர்ச்சியைப் பொறுத்தவரை அப்பிடித்தான், பிள்ளை" என்று மட்டும் அப்போது சொன்னேன்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாச்சியைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவள், பாலம் எத்தனை மீற்றர் நீளம், அதைக் கடக்க எவ்வளவு நேரம் பிடித்தது என்று கேட்டாள். கணக்குப் பார்க்கத்தான் கேட்டாளோ தெரியாது.