ஒரு ரப்பருக்காக ஓடிய ஓட்டம்



பழைய மாணவர் சந்திப்புக்காக, என் நோட்டுகளில் இருந்த 1800 பெயர்களைப் படித்த ஆண்டு, ஊர் விவரத்தோடு கணினியில் ஏற்றி வைத்திருந்தேன். ஊர்வாரியாகப் பிரிக்க நம் மாணவன் ஒருவன் சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி அனுப்பினான். அவனுடைய லினக்ஸ் கணினியில் பத்து விநாடியில் முடிந்ததாம். என் விண்டோஸ் கணினியில், கிட் பாஷில் ஓட்டியபோது ஆறு நிமிடம் ஆனது.

"என்னப்பா, இவ்வளவு மந்தமா எழுதியிருக்க?" என்று கேட்டுவிட்டேன்.

"வேலையில நேரம் போகல சார். பெயர், ஆண்டு, ஊர்னு பிரிக்க ஒவ்வொரு வரிக்கும் 'கட்'ங்கிற நிரலை மூணு தடவை கூப்பிடுறேன். மொத்தம் 5400 தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு புது நிரல் பிறந்து, ஒரு சொல்லை வெட்டிக் கொடுத்துட்டு முடிஞ்சுபோகுது."

லினக்ஸில் 'ஃபோர்க்' என்ற வசதி உண்டு. புதிதாகப் பிறப்பது தாயின் நினைவகத்தையே பகிர்ந்துகொள்ளும். மாற்றி எழுதும் பக்கத்தை மட்டும் பிரதி எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் நிரல்களுக்கு அந்த வசதி இல்லை. அதனால் கிட் பாஷ் புது நிரலைத் தொடங்கி, தாயின் நினைவகத்தை அதற்குள் பிரதி எடுத்து ஃபோர்க் போல நடிக்க வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு வைரஸ் தடுப்பு மென்பொருளும் வாசலில் நிறுத்திச் சோதிக்கும். ஒருமுறை என்றால் தெரியாது. 5400 முறை என்றால்?

"நாலாம் வகுப்புல நான் ரப்பருக்கு ஓடுவேனே சார், அது மாதிரிதான்" என்றான்.

நினைவு வந்தது. கணக்கு தப்பும்போதெல்லாம் எழுந்து ஓடுவான். கடைசியாக நோட்டு வைப்பவனும் அவன்தான். எல்லோர் முன்னாலும் அவனை 'மந்தம்' என்று சொல்லியிருக்கிறேன்.

"எனக்கும் அக்காவுக்கும் ஒரே ரப்பர் சார். அக்கா அஞ்சாம் வகுப்புல இருந்துச்சு."

இத்தனை ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குத் தெரிகிறது. கணக்கில் அவன் மந்தமில்லை. நேரமெல்லாம் நடையில் போயிருக்கிறது. என் மேசையிலேயே ரப்பர் இருந்தது. ஏன் ஓடுகிறாய் என்று நான்தான் ஒருநாளும் கேட்கவில்லை.

மறுநாள் ஸ்கிரிப்டைத் திருத்தி அனுப்பினான். வெளியே யாரையும் கூப்பிடாமல், ஷெல் தன்னிடமே உள்ள 'ரீட்' கட்டளையால் வரியை மூன்றாகப் பிரித்துக்கொள்கிறது. என் கணினியிலும் இரண்டு விநாடிக்குள் முடிந்தது.

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார்" என்றான்.

ஆசிரியர் பணியில் இருக்கும் என் பிள்ளைகளே, ஒரு குழந்தை பின்தங்கினால், அது எங்கே போய்வருகிறது என்று முதலில் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்