திரும்பி வராத இருபது

பலாலியிலிருந்து எழும் விமானத்தின் ஓசை கேட்டதும் நம் வகுப்புப் பிள்ளைகள் யன்னலுக்கு ஓடுவர். நாமோ சுவரோரம் ஒதுங்குவோம். 2019 ஒக்ரோபரில் அது சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டதும், மேலே செல்வது பயணிகள் விமானமே என்பதும் நாம் அறியாதனவல்ல. பொம்மரின் இரைச்சலுக்குப் பதுங்கு குழி தேடிய கால்கள் அறிவின் சொல்லை எளிதில் கேட்பதில்லை.

அத்தகைய ஒரு நாளில், நிகழ்தகவுப் பாடத்தினிடையே ஏபிரகாம் வால்ட் என்னும் கணித அறிஞரைப் பற்றிச் சொல்லலானோம். 1902இல் அன்றைய ஒஸ்திரிய-ஹங்கேரியில் பிறந்த யூதர் அவர். 1938இல் நாசிகள் ஒஸ்திரியாவைக் கைப்பற்றியபின் அமெரிக்கா சென்றார். பின்தங்கிய குடும்பத்தாருள் பெரும்பாலோர் கொலையுண்டனர். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் புள்ளிவிபர ஆராய்ச்சிக் குழுவில் இருந்துகொண்டு, 1943இல் அவர் ஒரு வினாவை எடுத்துக்கொண்டார். குண்டடி பட்டுத் திரும்பும் விமானங்களைக் கொண்டு, விமானத்தின் எவ்வுறுப்பு எளிதில் அழியும் என எவ்வாறு கணிப்பது? எங்கும் கவசம் பூட்டினால் பாரம் மிகும், விமானம் பறவாது.

அவர் காட்டிய உதாரணம் இது. 400 விமானங்கள் சென்றன. 320 துளையின்றி மீண்டன, 60 துளைகளுடன் மீண்டன, 20 மீளவேயில்லை. மீண்ட 60ஐ மட்டும் பார்ப்பவன், துளை மலிந்த இடத்துக்கே கவசம் வேண்டும் என்பான். வால்ட் அந்த இருபதையும் கணக்கிற் சேர்த்தார். இயந்திரத்திலே துளை அருகியிருப்பின், அங்கே குண்டு படவில்லை என்பது பொருளன்று. அங்கே பட்டவை வீடு திரும்பவில்லை. குண்டு படாமல் எவையும் வீழவில்லை, எல்லாக் குண்டும் ஒரே தீங்கு செய்யும் என்று கொண்டால், ஒரு குண்டு பட்டும் பிழைப்பதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 0.85 என வந்தது. (தளபதிகள் பிழையான இடத்திற் கவசம் பூட்ட முனைய, வால்ட் தடுத்தார் என்று வழங்கும் கதை சுவையானதே, ஆனால் அவர் குறிப்புகளில் அக்காட்சி இல்லை, கணக்கே உண்டு.)

"சேர், கீழே குண்டு விழுந்த வீடுகளை ஆர் எண்ணினவை?" என்று கேட்டாள் ஒரு மாணவி.

நமக்கு உடனே விடை வரவில்லை. ஹிட்லருக்கு எதிரான யுத்தத்தில், சுற்றத்தை இழந்த ஒருவர் செய்த கணக்கை நாம் பழிக்கமாட்டோம். எனினும் சமன்பாட்டுக்குப் பக்கம் இல்லை. 1995 யூலை 9இல் நவாலித் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தோர்மீது குண்டு வீசிய விமானமும் யாரோ கணக்கிட்டு வடிவமைத்த பொருளே அன்றோ? வால்ட் தாமும் விமான விபத்திலேயே மாண்டார்: இந்திய அரசின் அழைப்பில் விரிவுரையாற்ற வந்தவர், 1950 டிசெம்பர் 13இல், மனைவியோடு, நீலகிரி மலையில்.

அன்றிரவு வேறொன்று நம்மை உறுத்திற்று. 1995இன் இடப்பெயர்வுக்குப் பின், மறு ஆண்டு வலிகாமம் மீண்டபோது, வந்தவர் பெயரை மட்டும் புதிய வரவு இடாப்பில் எழுதினோம். பரீட்சைப் பெறுபேறு முன்னையிலும் சிறந்தது எனப் பாராட்டுப் பெற்றோம், மகிழ்ந்தும் இருந்தோம். வந்தவரைக் கொண்டே வகுத்த வீதம் அது.

மறுநாள் பழைய இடாப்பை அலுமாரியிலிருந்து எடுத்து அம்மாணவியிடம் கொடுத்தோம். இரண்டையும் ஒப்பிட்டு, பதினான்கு பெயர்களுக்கு எதிரே பென்சிலாற் புள்ளியிட்டாள். அவர்களுள் ஒருவர் கனடாவில் இருக்கிறார் என்பது தெரியும். மற்றவர்களை விசாரிக்கத் தொடங்கியுள்ளோம்.