குலசைப் புழுதி

அக்டோபர் 3, 2025, வெள்ளி

குலசேகரன்பட்டினத்திலிருந்து பாளையங்கோட்டை வந்து சேர மதியமாகிவிட்டது. தசராவின் சூரசம்ஹாரம் முடியவே நள்ளிரவு தாண்டிவிட்டது. அப்படியே கடற்கரையில் உட்கார்ந்திருந்து விடிகாலைக் கடலையும் படமெடுத்துக்கொண்டுதான் கிளம்பினோம். காளி வேஷக்காரர்களின் குங்குமம், தீச்சட்டிப் புகை, திருநீறு, அத்தனை கால்களும் கிளப்பிய மணல், போதாததற்கு உப்புக் காற்று. எல்லாம் கேமரா மேல் ஒரு பூச்சாகப் படிந்திருக்கிறது. கடற்கரையில் லென்ஸை மாற்றவே இல்லை. இரண்டு கேமராவும் ஆளுக்கொரு லென்ஸோடு போய் அப்படியே திரும்பின. ஆனாலும் ஜூம் லென்ஸ் நீளும்போது காற்றை உள்ளே இழுக்கத்தானே செய்யும்.

தம்பி சட்டை நுனியைக் கையில் எடுத்துவிட்டான். "எக்கா, லேசா ஒரு தொட தொடச்சிரட்டா?"

"தொட்டேன்னா கைய ஒடிச்சிருவேன்."

மணல் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ். கடினத்தன்மை அளவில் அது 7, சாதாரணக் கண்ணாடி ஆறுக்கும் கீழே. லென்ஸ் மேலிருக்கும் பூச்சோ ஒரு மைக்ரான் கனம்கூட இருக்காது. சட்டை நுனியால் துடைப்பதும் உப்புத்தாள் போடுவதும் ஒன்றுதான். இன்றைக்குக் கேமராக்களின் வெளிப்பக்கத்தை மட்டும் பிழிந்த ஈரத்துணியால் ஒற்றி எடுத்தோம். பட்டன் இடுக்கில் உப்பைத் தங்கவிட்டால் பிறகு அரிப்புதான். மெமரி கார்டுகளை நகலெடுத்தாயிற்று. மற்றது நாளைக்கு.

அக்டோபர் 4, சனி

இரவுப் படங்களில் ஒரு குறையும் இல்லை. எல்லாம் எஃப் 2.8, எஃப் 4-ல் எடுத்தவை. விடிகாலைக் கடலை ட்ரைபாடில் வைத்து எஃப் 16-ல் எடுத்திருந்தேன். அதில் வானம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் மங்கல் புள்ளிகள்.

லென்ஸ் அழுக்கு என்கிறான் தம்பி. இல்லை. லென்ஸின் முகப்பில் கிடக்கும் தூசி இப்படிப் புள்ளியாக விழாது. அதிகம் போனால் எதிர்வெயிலில் படம் கொஞ்சம் வெளிறும். லென்ஸை மாற்றினாலும் அதே இடத்தில் அதே புள்ளி வந்தால், அழுக்கு சென்சாரில். சென்சாரில் என்று வாயில் வருகிறதே தவிர, தூசி உட்காருவது அதற்கு முன்னால் இருக்கும் வடிகட்டிக் கண்ணாடியின் மேல். இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி உண்டு. அப்பெர்ச்சர் விரிந்திருந்தால் பல கோணத்திலிருந்தும் ஒளி வந்து தூசியின் நிழலைக் கரைத்துவிடும். எஃப் 16, 22 என்று சுருக்கினால் ஒளிக்கற்றை ஒல்லியாகி, நிழல் கெட்டியாக விழும். தூசி எப்போதும் அங்கேதான் இருந்தது, காட்டிக்கொடுத்தது அப்பெர்ச்சர்.

வெள்ளைச் சுவரை வைத்துச் சோதித்தோம். ஐஎஸ்ஓ 100, எஃப் 22, ஃபோகஸ் கையால் முடிவிலிக்கு. ஷட்டர் திறந்திருக்கும்போது கேமராவை வேண்டுமென்றே ஆட்ட வேண்டும். சுவரின் கறைகள் இழுபட்டு மறைந்துவிடும். கேமராவோடு சேர்ந்து ஆடும் தூசி மட்டும் நிற்கும். கம்ப்யூட்டரில் கான்ட்ராஸ்டை ஏற்றியதும் தம்பி வாயைப் பிளந்தான்.

படத்தில் மேலே தெரியும் புள்ளி சென்சாரின் கீழ்ப்பக்கத்தில் இருக்கும், லென்ஸ் பிம்பத்தைக் கவிழ்த்துத் தருவதால். இடம் வலம் மட்டும் மாறாது. அதையும் லென்ஸ் மாற்றத்தான் செய்கிறது. ஆனால் சென்சாரை நாம் எதிர்ப்பக்கமிருந்து பார்ப்பதால் மறுபடி நேராகிவிடுகிறது. இதை ஒரு தாளில் வரைந்து சுவரில் ஒட்டிவிட்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

லென்ஸ் நாள். ஒரு லென்ஸின் முகப்பில் போட்டிருந்த யுவி ஃபில்டர் பாதி அடியை வாங்கிக்கொண்டது. கழற்றி, ஊதிவிட்டு, குழாய்த் தண்ணீரில் சோப்பு போட்டே கழுவினோம். அது வெறும் கண்ணாடிதான், தாங்கும்.

70-200 லென்ஸுக்கு ஃபில்டர் கிடையாது. கண்ணாடியும் வளையமும் சேரும் விளிம்பில் முடி கனத்துக்குக் குங்குமக் கோடு ஒன்று ஓடியது. இதில் எடுத்ததும் ஈரம் பட்டால் சாயம் கரைந்து கண்ணாடி முழுக்கப் பரவும். லென்ஸைக் கவிழ்த்துப் பிடித்து ப்ளோயரால் ஊதி, பிறகு மென்மயிர் பிரஷ்ஷால் விளிம்பைச் சுற்றித் தட்டி எடுத்தேன். சிவப்புப் பொடி மேசையில் உதிர்ந்தது. மறுபடி ஊதல். கண்ணாடியை அதன் பிறகுதான் தொட்டேன்.

நடுவில் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்த கடல் திவலை. கடையில் விற்கும் லென்ஸ் திரவம் பலவும் ஆல்கஹால்தான். உப்பு ஆல்கஹாலில் லேசில் கரையாது. எவ்வளவு தேய்த்தாலும் படிகத்தை இங்கிருந்து அங்கே இழுத்துக்கொண்டிருப்போம். உப்புக்குத் தண்ணீர்தான் மருந்து. டிஸ்டில்ட் வாட்டர் புது பாட்டில் வாங்கி (இன்வெர்ட்டருக்கு ஊற்றிய மிச்சம் ஆகாது, அதில் ஆசிட் கலந்திருக்கலாம்), லென்ஸ் டிஷ்யூவை நனைத்து, திவலை மேல் சற்று நேரம் வைத்து, ஒற்றி எடுத்தேன். பிறகுதான் ஆல்கஹால் திரவம், விரல் ரேகை எண்ணெய்க்காக. திரவத்தை டிஷ்யூவில் விட வேண்டும், லென்ஸில் விடக் கூடாது. விட்டால் விளிம்பு வழியே உள்ளே இறங்கிவிடும். நடுவிலிருந்து வெளியே சுழித்துச் சுழித்து ஒரு துடை, அந்த டிஷ்யூ குப்பைக்கு.

பின்பக்கக் கண்ணாடியில்தான் எனக்கு அதிகக் கவலை. முகப்புத் தூசியை மன்னிக்கலாம். சென்சாரை நெருங்க நெருங்கத் தூசியின் நிழல் கூடும்.

அக்டோபர் 6, திங்கள்

மூடிகள். யாரும் இவற்றைக் கழுவுவதில்லை. லென்ஸின் பின்மூடியிலும் கேமராவின் வாய்மூடியிலும் சேரும் பொடி நேரே சென்சாருக்குப் போகிறது. சோப்பு நீரில் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து நிழலில் காயவைத்தேன். பையைத் தலைகீழாக உதறினால் ஒரு கைப்பிடி குலசை மணல்.

அக்டோபர் 7, செவ்வாய்

அறையை ஈரத்துணியால் துடைத்து, ஃபேனை நிறுத்தி, பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். டி750 கேமராவில் பேட்டரி முழுசாக இருக்க வேண்டும். சுத்தம் செய்ய உள்ளிருக்கும் மிரரைத் தூக்கிவைக்கும் மெனு, சார்ஜ் குறைந்திருந்தால் வேலையே செய்யாது. காரணம் நியாயமானது: நடுவில் கரண்ட் போனால் ஷட்டர் திரை கையிலிருக்கும் சாமான் மேல் விழும்.

கேமரா வாயைத் தரையைப் பார்க்கப் பிடித்து, கீழிருந்து ஊதினேன். ப்ளோயரின் மூக்கு உள்ளே போகக் கூடாது. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். டப்பாவில் அடைத்த அழுத்தக் காற்றும் வேண்டாம். அதிலிருக்கும் வாயு சில சமயம் திரவமாகவே பீய்ச்சிக் கறையாகும். மறுபடி வெள்ளைச் சுவர். பெரும்பாலான புள்ளிகள் போய்விட்டன. நான்கு மட்டும் அசையவில்லை.

அக்டோபர் 8, புதன்

பக்கத்து ஸ்டுடியோ அண்ணாச்சி வந்திருந்தார். ஃபிலிம் காலத்து ஆள். "எங்க காலத்துல இந்தப் பாடெல்லாம் ஏதும்மா" என்றார். உண்மைதான். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் புது ஃபிலிம் நகர்ந்து வரும். தூசியும் கூடவே நகர்ந்துவிடும். டிஜிட்டலிலோ, ஆயுள் முழுக்க ஒரே கண்ணாடி.

2003-ல் ஒலிம்பஸ் இ-1 கேமராவில், வடிகட்டியையே மீயொலியால் அதிரவைத்துத் தூசியை உதறும் ஏற்பாடு வந்தது. பின்னால் மற்றவர்களும் செய்தார்கள். உலர்ந்த தூசிக்கு அது போதும். ஒட்டிக்கொண்ட மகரந்தம், எண்ணெய்த் துளி இவற்றிடம் எடுபடாது.

"சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிரேன்" என்றார் போகும்போது. எங்களுடைய இன்னொரு கேமரா, சென்சாரே நகர்ந்து ஆட்டத்தைச் சரிசெய்யும் மிரர்லெஸ்; அதை அனுப்பத்தான் போகிறேன். மிதக்கும் சென்சாரை அழுத்த எனக்குத் துணிச்சல் இல்லை. டி750-ஐ நானே பார்த்துக்கொள்வேன்.

அக்டோபர் 10, வெள்ளி

சென்சார் துடைக்கும் ஸ்வாப் வந்துவிட்டது. முழு ஃபிரேமுக்கு 24 மில்லிமீட்டர் அகலம்; சென்சாரின் உயரமும் அதுவே, ஒரே இழுப்பில் முழுக்க மூடும். சிறிய சென்சாருக்கு 16. அளவு தப்பினால் நடுவே கோடு விழும். காது குடையும் பஞ்சுக்குச்சி ஆகவே ஆகாது, நார் உதிரும். நெயில் பாலிஷ் ரிமூவர் என்று யாராவது யோசனை சொன்னால் அவரைக் கேமராப் பக்கமே விடக் கூடாது; அசிட்டோன் பிளாஸ்டிக்கைத் தின்னும்.

திரவம் மெத்தனால். விஷம், எளிதில் தீப்பிடிக்கும். சாமி விளக்கு அணைந்த பிறகு, ஜன்னலைத் திறந்துவைத்து ஆரம்பித்தேன். மறுபடி ஒரு தடவை ஊதல், மணல் துகள் ஒன்று ஸ்வாபுக்கு அடியில் மாட்டினால் கீறல் நிரந்தரம். நுனியில் இரண்டு சொட்டு விட்டு, திரவம் பரவும்வரை கொஞ்சம் பொறுத்தேன். இடது ஓரத்தில் வைத்து, லேசாகச் சாய்த்து, பேனாவால் எழுதும் அழுத்தத்தில் வலது ஓரம்வரை நிறுத்தாமல் ஓர் இழுப்பு. அங்கே திருப்பி, ஸ்வாபின் மறுமுகத்தால் வலமிருந்து இடம். அவ்வளவுதான். திரவம் கண்ணெதிரே ஆவியாகி மறைந்தது. இன்னொரு தடவை இழுக்கக் கை துறுதுறுத்தது. ஸ்வாபை ஒடித்துக் குப்பையில் போட்டேன்.

சுவர்ப் படத்தில் ஒரே ஒரு புள்ளி மிச்சம், மூலையில். எஃப் 22-ல் மட்டும் தெரிகிறது. கல்யாணத்தில் யார் எஃப் 22 வைக்கப் போகிறார்கள்? இருக்கட்டும். ஸ்வாப் பெட்டியைப் பூட்டிவைத்தேன்.

அக்டோபர் 17, வெள்ளி

மழை. அண்ணாச்சி தன் பழைய 50 எம்எம் லென்ஸைக் கொண்டுவந்தார், துடைத்துத் தரச் சொல்லி. டார்ச் அடித்துப் பார்த்தேன். உள் கண்ணாடியில் வேர் விட்டதுபோல வெள்ளை இழைகள். பூஞ்சை. வெளியே எதைப் போட்டுத் துடைத்தும் பயனில்லை. பிரித்துத்தான் ஆக வேண்டும், பூச்சை அரித்திருந்தால் பிரித்தும் தழும்பு போகாது. எத்தனை மழைக்காலமாகத் தோல் உறையிலேயே வைத்திருந்தாரோ. தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

எங்கள் லென்ஸ்கள் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில், சிலிக்கா ஜெல்லோடும் ஒரு சின்ன ஈரமானியோடும் இருக்கின்றன. முள் 40-க்கும் 50-க்கும் நடுவே நின்றால் போதும். அதற்கும் கீழே ரொம்பக் காய்ந்தால் ரப்பருக்கு ஆகாது. இன்று காலை 58. நீல மணிகள் வெளுத்து இளஞ்சிவப்பாகிவிட்டன. வறுத்தெடுத்தால் மறுபடி நீலமாகும். தம்பி சமையல் வாணலியை எடுத்து வந்தான்.

"அத வைல. அதுல கோபால்ட் இருக்கு. நாளைக்கு அம்மா அதுலதான் வடை சுடுவா."

பழைய ஓவனில் 120 டிகிரியில் வைத்திருக்கிறோம். அண்ணாச்சி லென்ஸைத் தனி டப்பாவில் போட்டு, பிரித்துப் பார்க்கும் மெக்கானிக்கிடம் கொடுக்க எடுத்துவைத்தாயிற்று. செலவு லென்ஸ் விலையைத் தாண்டினால் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.