சித்தியின் சம்பளமும் 600-ம் நம்பரும்

'சர்வர் டவுன்.' அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் இந்த வார்த்தையைக் கேட்காதவர்கள் குறைவு. கேட்டதும் நாமும் வெயிலைத் திட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவோம்.

என் சித்திக்குத் திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமம். மழை பெய்தால் மானாவாரிக் காட்டில் வேலை, பெய்யாவிட்டால் நூற்பாலை. போன வருடம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போன் செய்தார். "ஆறு நாள் நின்னு பார்த்த வேலை எங்க போச்சுப்பா? கம்ப்யூட்டர்ல கணக்கே வரலைங்கிறாங்க." அன்று ராத்திரி மகளிர் குழுவுக்குத் தவணை கட்ட வேண்டும்.

அந்த மில்லின் சம்பளக் கணக்கு இருக்கும் டேட்டாபேஸைப் பராமரிப்பது என் பெரியப்பா மகன். அருப்புக்கோட்டையில் வீட்டிலிருந்தே வேலை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். திரையில் 'ஓஆர்ஏ-00600'. "ரீஸ்டார்ட் பண்ணிப் பாரேண்ணே" என்றேன்.

"தண்ணி வரலைன்னா கண்மாய்க் கரையையா வெட்டுவ? மடையில இருந்து வாய்க்கால் வழியா நடந்து பார்க்கணும்" என்றார்.

ஆரக்கிள் டேட்டாபேஸில் 600 என்பது ஒரு பொதுவான எண். 'உள்ளே எதிர்பாராதது நடந்துவிட்டது' என்பதற்கு மேல் அதில் தகவல் இல்லை. டிஸ்க் கோளாறாக இருக்கலாம், மெமரியாக இருக்கலாம், மென்பொருளின் சொந்தப் பிழையாகவும் இருக்கலாம். துப்பு இருப்பது அதற்குப் பின்னால் சதுர அடைப்புக்குள் வரும் முதல் குறியீட்டில்தான். கோளாறு மென்பொருளுக்குள் எந்த இடத்தில் பிடிபட்டது என்று அது சொல்லும்.

அண்ணன் முதலில் டேட்டாபேஸ் தானாக எழுதிவைக்கும் அலர்ட் லாகைத் திறந்தார். அது காட்டிய டிரேஸ் ஃபைலைப் பத்திரப்படுத்தினார். பிறகு ஆரக்கிளின் சப்போர்ட் தளத்தில் இதற்கென்றே இருக்கும் தேடல் கருவிக்குள் போனார். ஒப்பந்தம் உள்ள வாடிக்கையாளர்களுக்கு மட்டும் திறக்கும் இடம் அது. டேட்டாபேஸ் எந்த வெர்ஷன், அடைப்புக்குள் என்ன குறியீடு என்று இரண்டையும் கொடுத்ததும் உரிய குறிப்பு வந்தது.

சுருக்கமாக இதுதான் விஷயம். புத்தகத்தின் கடைசியில் இருக்கும் பொருளடைவு '212-ம் பக்கம்' என்கிறது. புரட்டினால் அங்கே அந்தச் செய்தி இல்லை. டேட்டாபேஸிலும் அப்படி ஒரு அடைவு உண்டு, பெயர் இண்டெக்ஸ். நூறு முறை ரீஸ்டார்ட் செய்தாலும் இந்தக் கோளாறு தானாகச் சரியாகாது.

"இனிதான் பயம்" என்றார் அண்ணன். அடைவு தப்பாக இருந்தால் அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம். பக்கமே காணாமல் போயிருந்தால்? சித்தியின் ஆறு நாள் வேலை உண்மையிலேயே தொலைந்திருக்கும். பேக்கப்பிலிருந்துதான் மீட்க வேண்டும். அவசரத்தில் அடைவை அழித்தால், என்ன தொலைந்தது என்பதற்கான தடயமும் போய்விடும்.

முந்தைய நாள் பேக்கப்பையும் மில்லின் வருகைப் பதிவேட்டையும் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். வருகைக் கணக்கு முழுதாக இருந்தது. கெட்டது அடைவு மட்டும்தான். அதை நீக்கிப் புதிதாக உருவாக்கினார். சந்தேகம் டிஸ்க் மேல் இருந்ததால், திங்கட்கிழமை மாற்றச் சொல்லிக் கடிதமும் அனுப்பினார். மணி ஒன்பதைத் தாண்டித்தான் சம்பளம் ஏறியது. சித்தி தவணையை மறுநாள் காலை கட்டினார். குழுத் தலைவியிடம் நாலு வார்த்தையும் கேட்டுக்கொண்டார்.

இது சின்ன ஊர்ப் பிரச்னை மட்டுமல்ல. 2010 செப்டம்பரில் அமெரிக்காவின் ஜேபி மார்கன் சேஸ் வங்கியின் இணையச் சேவை முடங்கியது. வெளியிலிருந்து வாங்கிய டேட்டாபேஸ் மென்பொருளால் தகவல்கள் சிதைந்ததே காரணம் என்று வங்கி சொன்னது. சித்தியைப் போலவே அங்கேயும் தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் காத்திருந்தார்கள் மக்கள்.

உங்கள் போனிலோ கவுன்ட்டரிலோ இப்படி எரர் வந்தால் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முழு நம்பரும் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். சரிசெய்பவருக்கு அதுதான் மடை. நம்பரை இணையத்தில் தேடி, அங்கே கிடைக்கும் யாரோ ஒருவரின் 'கஸ்டமர் கேர்' எண்ணுக்கு மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள். மோசடியில் பணம் போனால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

அடுத்த முறை யாராவது 'சர்வர் டவுன்' என்றால், திரும்பி நடப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "என்ன நம்பர் காட்டுது?"