பால் சுரக்கும் காளான்

மழை பெய்து ஓய்ந்த காட்டிலே, நேற்றுக் காணாத சிறு குடைகள் இன்று மண்ணைப் பிளந்துகொண்டு நிற்பதைக் காணலாம். விதைத்தவர் ஒருவரும் இலர். நீர் பாய்ச்சியவரும் இலர். இலையும் பூவும் இல்லாத இவ்வுயிரை மக்கள் வியப்போடும் அச்சத்தோடும் நோக்கி வந்துள்ளனர். வியப்புக்கும் காரணம் உண்டு. அச்சத்துக்கும் காரணம் உண்டு. நாவுக்கு இனிய காளானும், உயிரைக் கவரும் காளானும் ஒரே காட்டில் அருகருகே தோன்றுதல் கூடும். ஆதலால், காளானை இனங்காணுதல் பொழுதுபோக்கு மட்டும் அன்று. உயிர் காக்கும் கல்வியும் ஆகும்.

காளான்களுள் பால் சுரக்கும் இனம் ஒன்று உண்டு. குடையின் அடிப்புறத்தில் ஏடுகளைப்போல் நெருங்கி அமைந்த மெல்லிய தகடுகளைச் சிறிது கீறினால், எருக்கிலையைக் கிள்ளினாற்போலப் பால் துளித்து நிற்கும். இவ்வினத்துக்குப் பெர்சூன் என்னும் அறிஞர் 1797-ஆம் ஆண்டில் 'லாக்டேரியஸ்' என்று பெயரிட்டார். பாலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் அடியாகப் பிறந்த பெயர் அது. தமிழ்நாட்டில் வைக்கோலில் வளர்த்து விற்கப்படும் பால் காளான் வேறு. அது பால்போன்ற வெண்மையால் பெயர் பெற்றதேயன்றிப் பால் சுரப்பது அன்று.

ஐரோப்பாவின் பைன் காடுகளில் இலையுதிர் காலத்து மழைக்குப் பின் தோன்றும் செம்மஞ்சள் காளான் இவ்வினத்துள் பெரும்புகழ் வாய்ந்தது. சுவீடன் நாட்டு இயற்கை நூலறிஞர் லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டிலேயே 'சுவை மிக்கது' என்னும் பொருள்பட அதற்குப் பெயர் அளித்தார். ஸ்பெயின் நாட்டின் கட்டலோனியப் பகுதியில், அது தோன்றும் பருவத்தே மக்கள் கூடை ஏந்திக் குடும்பத்தோடு காடு நோக்கிச் செல்வர். அக்காளானின் குடைமீது வட்டத்துக்குள் வட்டமாக நிறக்கோடுகள் விளங்கும். தண்டின்மேல் சிறு சிறு குழிகள் காணப்படும். கீறினால் வடியும் பால் வெண்மையாக இராது. காரட்டுக் கிழங்கின் நிறமாக இருக்கும். கைபட்டுக் கசங்கிய இடம் மெல்ல மெல்லப் பச்சையாக மாறும்.

எனினும், காளானைக் காணுமுன் மரத்தைக் காண வேண்டும் என்பர் அறிந்தோர். இவ்வினக் காளான்களின் நுண்ணிழைகள் மண்ணுக்குள் மரவேர்களின் நுனியைப் போர்த்து வாழ்கின்றன. மண்ணிலுள்ள நீரையும் உப்புச் சத்துகளையும் காளான் மரத்துக்கு ஊட்டுகிறது. இலைகள் சமைத்த சர்க்கரையை மரம் காளானுக்கு அளிக்கிறது. 1885-ஆம் ஆண்டில் ஃபிராங்க் என்னும் ஜெர்மானிய அறிஞர் இவ்வேர்க் கூட்டுறவுக்குப் பெயரிட்டு விளக்கினார். இந்நட்பில் ஒவ்வொரு காளானும் தனக்குரிய மரத்தை நாடுகிறது. பைன் மரத்தடியில் வாழ்வது ஒன்று. அதனோடு உருவத்தில் ஒத்து ஸ்புரூஸ் மரத்தடியில் வாழ்வது மற்றொன்று. பின்னதன் பால் முதலில் செம்மஞ்சளாக வடிந்து, சிறிது நேரத்தில் கருஞ்சிவப்பாக மாறும். இவ்வாறு, நண்பனைக் கொண்டு ஒருவனை அறிவதுபோல, மரத்தைக் கொண்டு காளானை அறியலாம்.

பிர்ச்சு மரத்தடியில் வளரும் உறவினன் ஒருவன் உண்டு. அவன் குடை இளஞ்சிவப்பானது. விளிம்பு உள்நோக்கிச் சுருண்டு கம்பளி மயிர்போல் அடர்ந்திருக்கும். பால் வெண்மையாகவும் பொறுக்கவொண்ணாக் காரமாகவும் இருக்கும். வயிற்றுக் கடுப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே அவனுக்குப் பெயராய் அமைந்தது. பச்சையாகத் தின்றவர் அப்பெயரின் பொருளை உடல் நோக உணர்வர். அக்காரம் தோன்றும் வகை வியக்கத்தக்கது. காயம் படாத காளானில் காரப்பொருள் இல்லை. காரமற்ற ஒரு பொருளே சேமித்து வைக்கப்பட்டுள்ளது. புழுவோ விலங்கோ கடித்தவுடன், சில வினாடிகளில் அப்பொருள் சிதைந்து காரமாக மாறிவிடுகிறது. பின்லாந்து மக்களோ அக்காளானையும் விலக்கவில்லை. நீரில் நன்கு வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டி, உப்பிலிட்டு உண்கின்றனர்.

இவற்றைக் கற்றுவிட்டோம் என்று ஒருவர் செருக்குறுதல் தகாது. வெயிலில் வாடிய காளானிலும் முதிர்ந்த காளானிலும் பால் வற்றிப்போகும். பால் இன்மை கண்டு அதனை வேறினம் என்று கொள்வதும் பிழை. பால் கண்டவிடமெல்லாம் இவ்வினம் என்று கொள்வதும் பிழை. மெல்லிய தண்டுடைய வேறு சில சிறு காளான்களும் கீறினால் பாலோ செந்நீரோ கசியும். இவ்வினத்தின் தசையோ நாராகக் கிழியாது, சுண்ணக்கட்டிபோல் முறியும். இடம், மரம், நிறம், பால், மணம், தசை ஆகிய அனைத்தும் ஒருமுகமாகச் சான்று கூறினாலன்றி முடிவு செய்தல் ஆகாது.

ஏனெனில், அதே ஐரோப்பியக் காடுகளில் ஓக் மரத்தடியில் 'சாவுக்குடை' என்று அஞ்சப்படும் காளானும் வளர்கிறது. சமைத்தாலும் அதன் நஞ்சு அழியாது. உண்டபின் பல மணி நேரம் வரை நோய்க்குறி தோன்றாது. பின்னர் வாந்தியும் பேதியும் கண்டு, நோய் தணிந்ததுபோல் ஒரு நாள் அமைதி உண்டாகும். அவ்வமைதிக்குள்ளேயே கல்லீரல் சிதைந்துகொண்டிருக்கும். வெள்ளிக் கரண்டி கறுத்தால்தான் நஞ்சு என்பதும், புழு தின்ற காளான் மனிதருக்கும் தீங்கற்றது என்பதும் பலரை ஏமாற்றிய வீண் நம்பிக்கைகளாம்.

ஆதலால், காட்டில் பல்லாண்டு பழகியவர்கள் கூடை நிறையக் கொணர்வதைப் பெருமையாகக் கருதுவதில்லை. ஐயம் தோன்றிய காளானை, எத்துணை அழகியதாயினும், தொட்ட இடத்திலேயே விட்டு வருவதே அவர்தம் வழக்கம். அறிந்ததை அறிந்தோம் என்று கூறுதல் எளிது. அறியாததை அறியோம் என்று கூறுதற்கே துணிவு வேண்டும். அத்துணிவு வாய்த்தவர் கூடை சில நாள் வெறுமையாக வீடு திரும்பலாம்; ஆயினும், அவரை நம்பி உணவருந்த அமர்ந்த பிள்ளைகள் நலமாக இருப்பர்.