ஒன்பது நிமிடம் கழித்து வரும் குரல்

நியூகாசில், டைன் ஆற்றங்கரை



போன சனிக்கிழமை எங்கள் தெருமுனைப் பப்பில் ஒரு பணி ஓய்வு விருந்து. எதிர்வீட்டு அம்மாள் நெடுங்காலம் நகரப் பேருந்து ஓட்டியவர். சாப்பாடு முடிந்ததும் கரோக்கி ஆரம்பமானது. அவர் கணவர் எழுந்துபோய் ஒரு பாட்டைக் கேட்டு வாங்கினார், அதுவும் முழு நீளத்துக்கு. பன்னிரண்டு நிமிடம். பெண் குரலுக்கு அதில் ஏறக்குறைய ஒன்பது நிமிடம் வேலையே இல்லை. அந்த அம்மாள் இரண்டாவது மைக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். அவருடைய கிளாஸில் ஐஸ் கரைந்து முடிந்தது. அவர் வாய் திறந்ததும் கூடத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள்.

ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இது புரியாது. எங்களுக்குப் புரியும். அந்தப் பாட்டில் பாடிய பெண் வாக்கர்காரர். வாக்கர் என்றால் பழைய கப்பல் கட்டும் தளங்களை ஒட்டிய பகுதி. எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம்.

நான் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தது 1993 செப்டம்பரில். ரொட்டித் தொழிற்சாலை ஒன்றில் இரவுப் பணி. பேக்கிங் கூடத்தில் தூணில் கம்பி போட்டுக் கட்டிய ஒரு ரேடியோ இருந்தது. குமிழ்களின் மேல் மாவு படிந்து எண்களே தெரியாது, அதனால் யாரும் நிலையத்தை மாற்றுவதில்லை. அக்டோபர், நவம்பர் முழுக்க அதில் ஒரே பாட்டு, பப்பில் கேட்ட இதே பாட்டு. பிரிட்டனில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது, அந்த வருடம் இங்கே மிக அதிகம் விற்ற சிங்கிளும் அதுதான். எனக்கு ஆங்கிலம் அப்போது பாதிதான் புரியும். ஆனால் அந்த ஆண் குரல் அந்நியமாகவே இல்லை. புதுக்கோட்டைப் பக்கம் பங்குனியில் விடிய விடிய வள்ளி திருமணம் பார்த்து வளர்ந்தவன் நான். ஆர்மோனியம் முழங்க ராஜபார்ட் மேடையேறி, கடைசி வரிசைக் கிழவிக்கும் கேட்கவேண்டும் என்று தொண்டையைத் திறப்பாரே, அந்தத் திறப்பு இதிலும் இருந்தது.

பாடியவர் மீட் லோஃப். டெக்சாஸ் மாநிலத்து டாலஸில் 1947ல் பிறந்தவர். இயற்பெயர் மார்வின் லீ அடே. மீட் லோஃப் என்பது கொத்துக்கறியில் செய்யும் ஒரு சாப்பாட்டின் பெயர், சிறு வயதுப் பட்டப்பெயராக ஒட்டி அப்படியே நிலைத்துவிட்டது. அவர் அடிப்படையில் நாடகக்காரர். 'ஹேர்' இசை நாடகத்தில் நடித்தார், 'ராக்கி ஹாரர் ஷோ'வில் நடித்தார். பாட்டைப் பாடுகிறேன் என்று நினைக்காமல் ஒரு பாத்திரத்தை நடிக்கிறேன் என்று நினைத்தே மைக்கின் முன் நிற்பார். கையில் ஒரு கைக்குட்டை, நனைந்து உடம்போடு ஒட்டிய சட்டை, கண்ணை உருட்டி ஒரு பார்வை.

அவருக்குப் பாட்டெழுதியவர் ஜிம் ஸ்டைன்மன். இருவரும் சந்தித்ததும் நியூயார்க் நாடக மேடையில்தான். ஸ்டைன்மன் பீட்டர் பேன் கதையை வைத்து எழுதிக்கொண்டிருந்த ஒரு நாடகத்திலிருந்து கிளைத்த பாடல்களே 1977ல் 'பேட் அவுட் ஆஃப் ஹெல்' என்ற ஆல்பமாயின. கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார்கள், யாரும் வாங்கவில்லை. டாட் ரண்ட்கிரன் தயாரித்துக் கொடுத்தார், கிளீவ்லண்ட் இன்டர்நேஷனல் என்ற சின்ன நிறுவனம் வெளியிட்டது. அதன்பின் நடந்தது ஊரறிந்த கதை. உலகத்தில் மிக அதிகம் விற்ற ஆல்பங்களில் அது ஒன்று. பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் மட்டும் நானூறு வாரங்களுக்கு மேல் இருந்திருக்கிறது.

அந்த வெற்றிதான் மீட் லோஃபின் தொண்டையைத் தின்றது. ஓய்வில்லாத சுற்றுப்பயணம். 1978ல் ஒட்டாவாவில் மேடையிலிருந்து விழுந்து கால் முறிந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தும் பாடினார். அப்புறம் குரல் போயிற்று. அடுத்த ஆல்பத்துக்காக ஸ்டைன்மன் எழுதிவைத்திருந்த பாடல்களை அவரால் பாட முடியவில்லை. காத்திருந்து பார்த்த ஸ்டைன்மன் 1981ல் அவற்றைத் தன் பெயரிலேயே வெளியிட்டுவிட்டார். பெரும்பாலும் தானே பாடினார், ஆனால் அவருக்கு அந்தக் குரல் இல்லை. எழுதியவனுக்குக் குரலில்லை, குரலுக்குரியவனால் பாட முடியவில்லை. பிறகு இருவருக்கும் இடையே வழக்கு வேறு.

1983ஆம் வருடத்தை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். அந்த அக்டோபரில் அமெரிக்கப் பட்டியலின் முதல் இரண்டு இடங்களிலும் ஸ்டைன்மன் எழுதிய பாடல்கள்: ஒன்றை பானி டைலர் பாடினார், மற்றதை ஏர் சப்ளை குழு. அதே வருடம் மீட் லோஃப் திவால் ஆனார். அவருக்காகவே எழுதிப் பழகிய பேனா அடுத்தவர் தொண்டைக்கு எழுதுகிறது, இவர் கடன்காரர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதன்பின் எண்பதுகளில் சின்னச் சின்னக் கூடங்களிலும் பாடிப் பிழைத்தார். இரவுப் பணி முடிந்து விடியற்காலை பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்கு அந்த வருடங்களைத்தான் நினைக்கத் தோன்றும். முதலிடம் வந்த வாரங்களைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். கூட்டம் குறைந்த கூடத்திலும் அவர் அதே கைக்குட்டையை எடுத்துக்கொண்டு ஏறினாரே, அதைப் பற்றி எழுதியவர் குறைவு.

எண்பதுகளின் முடிவில் இருவரும் மறுபடி சேர்ந்தார்கள். 1993 செப்டம்பரில் 'பேட் அவுட் ஆஃப் ஹெல் 2' வந்தது. கிரஞ்ச் இசை கோலோச்சிய காலம். கிழிந்த சட்டையும் இறுகிய முகமுமாக இளைஞர்கள் பாடிக்கொண்டிருந்தபோது, நாற்பத்தாறைத் தொடும் கனத்த உடம்புக்காரர் ஒருவர் எழுபது நிமிடத்துக்கு மேல் நீளும் ஒரு முழு நாடகத்தோடு வந்து நின்றார். பியானோவோடு கூட்டுக்குரல்கள், நடுவில் பாட்டே இல்லாத ஒரு வசனப் பகுதி. அந்த வசனமும், இன்னும் மூன்று பாடல்களும் 1981ல் அவர் பாடமுடியாமல் போன ஆல்பத்திலிருந்து எடுத்தவை. பன்னிரண்டு வருடம் கழித்து அந்தப் பாடல்கள் வீடு திரும்பின. எனக்கு இந்த ஆல்பத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் இதுதான். பழைய பதிவையும் இதையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால், மெட்டும் வரிகளும் அவைதான், ஆனால் இரண்டாவதில்தான் பாட்டுக்கு உடம்பு வருகிறது.

ஆல்பம் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம். முன்னணிப் பாடல்தான் அந்தப் பன்னிரண்டு நிமிடப் பாட்டு, 'ஐ வுட் டூ எனிதிங் ஃபார் லவ்'. அது 28 நாடுகளில் முதலிடம். அவருக்கு 1994ல் கிராமி விருதையும் வாங்கித் தந்தது.

இப்போது அந்தப் பெண் குரலுக்கு வருகிறேன். நம் ஊர் ஒலிப்பதிவுக் கூடங்களில் 'டிராக் பாடுவது' என்பார்கள். பெரிய பாடகர் வருமுன் மெட்டும் சொல்லும் எப்படி அமையும் என்று பார்க்க வேறொருவர் பாடிவைப்பார், பிறகு அந்தக் குரலை அழித்துவிட்டு பிரபலத்தின் குரலைப் பதிவார்கள். அந்தக் குரலுக்குரிய லொரைன் கிராஸ்பி பாடியதும் அப்படித்தான். வடகிழக்கு இங்கிலாந்தின் கிளப்புகளில் பாடி வளர்ந்தவர், வாய்ப்புத் தேடி லாஸ் ஏஞ்சல்ஸ் போயிருந்தார். ஸ்டைன்மன் அவரை அழைத்து டிராக் பாடச் சொன்னார். பிறகு வேறு நட்சத்திரப் பாடகிகளை யோசித்துப் பார்த்தார்கள். கடைசியில் டிராக் குரலே நின்றுவிட்டது. ஒன்பது நிமிடம் ஓர் ஆண் வானத்துக்கும் பூமிக்குமாக வாக்குக் கொடுத்தபின், ஒரு பெண் வந்து கேள்வி மேல் கேள்வியாக அடுக்குகிறாள். அந்தக் கேள்விகள் இல்லாவிட்டால் அது தனி ஆவர்த்தனம். அவை வந்தபின்தான் நாடகமாகிறது.

ஆனால் ஆல்பத்தின் உறையில் அவர் பெயர் 'மிசஸ் லவுட்' என்றே அச்சானது. மைக்கேல் பே இயக்கிய வீடியோவில் அவர் முகமும் இல்லை, ஒரு நடிகை வாயசைத்தார். வாயசைப்பது எனக்குக் குற்றமாகப் படவில்லை, பின்னணிப் பாட்டிலேயே வளர்ந்த நாட்டிலிருந்து வந்தவன் நான். ஆனால் சுசீலா பாடினால் சுசீலா என்றும் ஜானகி பாடினால் ஜானகி என்றும் நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். உலகமே கேட்ட ஒரு குரலுக்கு அந்த மரியாதை இல்லையே என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது.

பேக்கிங் கூடத்தில் என்னோடு நின்ற பெரியம்மா ஒருவர்தான் இதை எனக்கு முதலில் சொன்னார். இந்த ஊரில் எல்லாரையும் 'பெட்' என்றுதான் கூப்பிடுவார்கள், நம் 'கண்ணு' மாதிரி. ஓர் இரவு என் தோளைத் தட்டி, ரேடியோவைக் காட்டி, "கேட்டியா பெட், இது நம்ம பொண்ணு" என்றார். நான் அதுவரை இந்த ஊரில் எதையும் 'நம்ம' என்று நினைத்ததில்லை. அவர் என்னையும் சேர்த்துத்தான் சொன்னார்.

ஸ்டைன்மன் 2021 ஏப்ரலில் காலமானார். ஒன்பது மாதம் கழித்து, 2022 ஜனவரி 20ல், மீட் லோஃப். மறுநாள் மாலை எங்கள் தெருவில் ஒரு வீட்டு ஜன்னல் வழியே அந்தப் பாட்டு முழு நீளத்துக்கும் ஒலித்தது. குளிரில் நின்று கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன்.

கேட்பதாக இருந்தால் ரேடியோவுக்காக வெட்டிய வடிவத்தைக் கேட்காதீர்கள். பன்னிரண்டு நிமிடப் பதிவைத் தேடி எடுங்கள், கடைசி மூன்று நிமிடத்துக்காகக் காத்திருங்கள். அந்தக் குரல் வந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் பெயரைச் சொல்லுங்கள்: லொரைன் கிராஸ்பி, எங்கள் ஊர்ப் பெண்.