தலைப்பாகை யாருக்கு?

சென்ற ஆண்டு எங்கள் ஊர் நூல் நிலைய விழாவிலே ஒரு போட்டி வைத்தனர். பழைய புதினம் ஒன்றின் தலைவனும் தலைவியுமாக, அக்கால உடையிலே இணையர் மேடையேற வேண்டும். ஆசிரியர்களாகிய நாங்கள் இருவரும் பெயர் கொடுத்தோம். பரிசு சிறிது, ஆசை பெரிது!

எந்தப் புதினம்? மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்று முடிவு செய்தோம். 1879-ல் அச்சேறிய அதனைத் தமிழின் முதல் புதினம் என்று கல்லூரியிலே மனப்பாடம் செய்தோம், மதிப்பெண் பெற்றோம், மறந்தும் போனோம். உடை தேடப் புறப்பட்ட பிறகுதான் உள்ளபடியே படித்தோம்!

படித்ததும் திகைத்தோம். கணவனைப் பிரிந்த ஞானாம்பாள் ஆணுடை அணிந்து தேடிப் புறப்படுகிறாள். விக்கிரமபுரியிலே அரசனாகவே அமர்ந்து ஆள்கிறாள். பெண் கல்விக்காகப் பேனா பிடித்த ஒரு முன்சீப்பின் கற்பனை அது. தோழர்களே, பட்டுச் சேலையும் பூச்சரமுமாகத் தலைவியைக் காட்டுவதா? அரியணை ஏறிய ஞானாம்பாளைக் காட்டுவதா?

அரசனாகவே காட்டுவோம் என்று முடிவாயிற்று. நாடகக் கொட்டகையின் தகர முடியும் வெல்வெட்டும் வேண்டாமென்று விலக்கினோம். அக்கால அலுவலர்களின் பழம்படங்களைப் பார்த்தோம். கழுத்துவரை மூடிய நீண்ட அங்கி, இடையிலே கச்சை, தோளிலே சால்வை, தலையிலே பாகை. பழைய வெள்ளைப் போர்வையை வெட்டி அங்கி தைத்தோம். எட்டு முழ வேட்டி தலைப்பாகையாயிற்று; நான்கு முறை கட்டினோம், நான்கு முறையும் சரிந்தது; ஐந்தாம் முறை நின்றது. அலைந்து களைத்த பிரதாபனுக்கோ தேநீர்ச் சாயமேற்றிய வேட்டி, கிழிந்த மேலாடை. அவ்வளவே!

அங்கேதான் வந்தது வினை. பெரியம்மா பார்த்தார். "ஏன் தம்பி, ஊரார் முன்னே அவள் அரசனாக வீற்றிருக்க, நீ கந்தலோடு கைகட்டி நிற்பதா?" என்றார்.

எங்களுள் ஆடவர் ஆனவர் சிரித்து மழுப்பினார். ஆனால் அன்றிரவு, "தலைப்பாகையை நானும் ஒன்று கட்டிக்கொண்டால் என்ன?" என்று மெல்லக் கேட்டார். வகுப்பறையிலே சமத்துவம் பேசிய வாய்தான் அது! எங்களுள் பெண் ஆனவர் சினக்கவில்லை. "கட்டிக்கொள்ளுங்கள். ஆனால் கதையிலே இல்லாத பாகை எதற்காக என்று உங்கள் மாணவர் கேட்டால், என்ன விடை சொல்வீர்கள்?" என்றார்.

விடை இல்லை. பாகையும் இல்லை.

உடை வெறும் துணியா? அன்று! தென் திருவிதாங்கூரிலே நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்ததற்காக அடிபட்டார்கள். நெடும் போராட்டத்திற்குப் பின் 1859-ல் வந்த அரசாணைகூட, மூடிக்கொள்ளலாம், ஆயினும் மேல்சாதிப் பெண்களைப் போல் அணியலாகாது என்று அளந்துதான் அளித்தது. அந்த ஆணைக்கு இருபது ஆண்டுகள் கழித்து வந்த புதினமும் ஞானாம்பாளுக்கு அரியணை தந்தது. ஆனால் ஆணின் அங்கிக்குள்ளே ஒளித்துத்தான் தந்தது. சேலையோடு அவள் ஆள்வதைக் கற்பனையும் காணத் துணியவில்லை! சென்னை மாகாணப் பெண்டிர் வாக்குரிமை பெற 1921 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

விழா நாளிலே ஞானாம்பாள் அமர்ந்தார், பிரதாபன் நின்றார். பரிசு கிட்டவில்லை. பட்டும் நகையுமாக வந்த வேறோர் இணைக்குப் போயிற்று. ஆனால் இறங்கி வரும்போது ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஓடி வந்தாள். "டீச்சர், ராஜாவாவதற்கு மாறுவேடம் போட்டே ஆகவேண்டுமா?" என்று கேட்டாள்.

வேண்டியதில்லை என்றோம், இருவரும் ஒரே குரலில். அவள் பாகையை வாங்கித் தன் தலையிலே வைத்துப் பார்த்தாள், பெரிதாயிருந்தது, கண்ணை மறைத்தது. கழற்றித் திருப்பித் தந்துவிட்டு, இரட்டைப் பின்னல் ஆட நடந்தாள்.

இப்போது அந்தப் பாகை மீண்டும் வேட்டியாகிவிட்டது. துவைத்து மடிப்பது, முறை வைத்து, இருவரும்!